ஷீல்டு வாங்கியாச்சு, அடுத்து என்ன? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஃபைனல் இயர் பசங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் எழுதினது. அதுல நாலை எடுத்திருக்கேன்.

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு காலேஜ்ல ட்ரிபிள் ஈ ஃபைனல் இயர் படிக்கிறேன். மூணு பேர் சேர்ந்து மேன்ஹோலுக்குள்ள இறக்கிப் பார்க்குற கேஸ் டிடெக்டர் பண்ணோம், எக்ஸ்போல ஃபர்ஸ்ட் ப்ரைஸ் கிடைச்சது. ஐ.டி கம்பெனி ஆஃபரும் கையில இருக்கு. அப்பா லாரி ஓட்டுறார், தங்கச்சி ப்ளஸ் டூ. வேலைக்குப் போறதா, ப்ராஜெக்ட்டைத் தொடர்றதா சார்?

வேலைக்குப் போங்க தம்பி. அப்பா தனியா இழுக்குற வண்டிக்கு நீங்களும் தோள் குடுக்கணும், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா அந்த டிடெக்டரை லேப் அலமாரியில வச்சுப் பூட்டிட்டுப் போயிடாதீங்க. ஏன்னா நீங்க தொட்டிருக்குறது உயிர் போற விஷயம். சாக்கடையில வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு ஏறினா மூக்கே மரத்துப்போய் நாத்தம் தெரியாது, உள்ள இறங்கினவர் 'ஒண்ணுமில்ல'ன்னு நெனச்சுக்கிட்டே மயங்கி விழுவார், அவரைத் தூக்கப் போறவரும் விழுவார். மனுஷனை இப்படி இறக்கக்கூடாதுன்னு 2013ல சட்டமே வந்தாச்சு. செத்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2023ல சொல்லிச்சு. இன்னமும் சாவு நிக்கல.

கேரளா பசங்க கதை உங்களுக்குத் தெரியணும். குட்டிப்புறத்துல இன்ஜினியரிங் படிச்ச நாலு நண்பர்கள், காலேஜ்ல உடம்புல மாட்டிக்கிற எக்ஸோஸ்கெலிட்டன் ரோபோ பண்ணிட்டிருந்தாங்க. படிச்சு முடிச்சதும் அவங்களும் வேலைக்குப் போனவங்கதான். 2015 நவம்பர்ல கோழிக்கோட்டுல மேன்ஹோல்ல ரெண்டு தொழிலாளிங்க மாட்டிக்கிட்டாங்க, காப்பாத்த இறங்கின ஒரு ஆட்டோ டிரைவரும் சேர்ந்து மூணு பேர் செத்தாங்க. அந்த நாலு பசங்க ஜென்ரோபோட்டிக்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சுப் பண்ணின, மேன்ஹோல் சுத்தம் பண்ற பேண்டிகூட் ரோபோ 2018ல திருவனந்தபுரத்துல வேலையில இறங்கிச்சு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, மேல நின்னு மெஷினை ஓட்ட, அதுவரைக்கும் குழிக்குள்ள இறங்கிட்டிருந்த தொழிலாளிங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்தாங்க.

நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. ஐ.ஐ.டி மெட்ராஸ்ல ஒரு மாணவர் மாஸ்டர்ஸ் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா ஆரம்பிச்சதுதான் செப்டிக் டேங்க் சுத்தம் பண்ற ஹோமோசெப். 2019ல போட்டியில காட்டினாங்க, அப்புறம் சோலினாஸ்னு ஸ்டார்ட்டப் ஆச்சு. தமிழ்நாட்டுல முதல் மெஷின்கள் யார் கைக்குப் போச்சு தெரியுமா, இதே வேலையில கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்துற சுய உதவிக் குழுக்களுக்கு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

உங்க டிடெக்டர்ல வாயுவைக் கண்டுபிடிக்க எம்.க்யூ வகை சென்சார்னு எழுதிருக்கீங்க. அது சூடாக நேரம் எடுக்கும், ஈரப்பதம் ஏறினா ரீடிங் மாறும். எக்ஸ்போ ஹால்ல காத்து காய்ஞ்சு கிடக்கும், அங்க கரெக்டா காட்டினது சாக்கடை ஈரத்துல காட்டும்னு நம்பிடாதீங்க, 'சேஃப்'னு ஒரு தடவை தப்பா காட்டினா ஒரு ஆள் செத்துடுவார். அதனால முதல் வேலையா ஏற்கனவே கேலிப்ரேட் பண்ணின, அதாவது அளவு சரிபார்த்த, ஒரு நல்ல மீட்டரோட பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, மேல இருந்து கயித்துல இறக்கி மட்டும் டெஸ்ட் பண்ணுங்க. நகராட்சி தூய்மைப் பணியாளர்கள்கிட்ட ஒரு காலை உக்காந்து பேசுங்க, எக்ஸ்போ நடுவர் கேட்காத கேள்வியெல்லாம் அவங்க கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் செஞ்சாலும் போதும், மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுடாம இருங்க.

கேள்வி: பள்ளிபாளையத்துல இருந்து எழுதுறேன். பையன் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். ப்ராஜெக்ட் சென்டர்ல 18 ஆயிரம் குடுத்தா மாடல், ரிப்போர்ட், பி.பி.டி எல்லாம் குடுத்துடுவாங்களாம், கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தானாம். எங்ககிட்ட ரெண்டு தறிதான் இருக்கு. கடன் வாங்கிக் குடுக்கலாமா?

குடுக்காதீங்கம்மா. நான் அதைச் செஞ்சவன், அதனால சொல்றேன். நானும் காசு குடுத்து வாங்கின போர்டைத்தான் வைவாவுக்கு எடுத்துட்டுப் போனேன். வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் போர்டுல ஒரு மூணு கால் ஐ.சி.யைத் தொட்டு 'இது எதுக்குப்பா இங்க இருக்கு'ன்னு கேட்டார். அது 7805, வர்ற வோல்டேஜை 5 வோல்ட்டா நிறுத்துற ரெகுலேட்டர், அவ்ளோதான் பதில். எனக்குத் தெரியல. அவர் திட்டக்கூட இல்ல, மார்க் போட்டு அனுப்பிட்டார். மொத இன்டர்வியூலயும் ரெஸ்யூம்ல இருந்த அதே ப்ராஜெக்ட்டைத்தான் கேட்டாங்க, வேலை கிடைக்கல. அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி நானே திரும்பப் பண்ணினேன். ரெண்டு மாசம் ஆச்சு, சால்டரிங்ல விரல் சுட்டுச்சு, நாலு வருஷ படிப்புல புரியாதது அந்த ரெண்டு மாசத்துல புரிஞ்சது.

வீட்டுலயே ரெண்டு தறி இருக்கே, இதைவிட நல்ல லேப் எங்க கிடைக்கும்? நூல் அறுந்தா தறி நிக்கணும், எங்க அடிக்கடி அறுது, எதனால அறுதுன்னு ஒரு வாரம் பையனை நோட்டுல எழுதச் சொல்லுங்க, ப்ராஜெக்ட் அதுலயே கிடைச்சிடும். சின்னதா இருக்கட்டும், பரவாயில்ல, கேட்டா பதில் சொல்லத் தெரிஞ்சா போதும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு நிதி உதவி குடுக்குது, காலேஜ் மூலமாத்தான் அப்ளை பண்ணணும். ஹெச்.ஓ.டி கிட்ட இப்பவே கேக்கச் சொல்லுங்க.

கேள்வி: திருநெல்வேலி, ஈ.சி.ஈ மூணாவது வருஷம். இஸ்ரோதான் என் கனவு. 'நம்ம மாதிரி வீட்டுப் பொண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு, பேங்க் எக்ஸாம் எழுது'ன்னு வீட்ல சொல்றாங்க. அக்கா, உங்க பத்திரிகையில நீங்களாவது ஒரு வழி சொல்லுங்க.

நான் அண்ணன்மா, பரவாயில்ல. உங்க பக்கத்து ஊர் செங்கோட்டைக்காரங்க நிகர் ஷாஜி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில உங்களை மாதிரியே ஈ.சி.ஈ படிச்சாங்க, 1987ல இஸ்ரோல சேர்ந்தாங்க. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி சூரியனை ஆராயக் கிளம்பின ஆதித்யா எல்1க்கு அவங்கதான் திட்ட இயக்குநர். இந்த ஒரு தகவலை வீட்ல சாப்பாட்டு நேரத்துல சத்தமா படிச்சுக் காட்டுங்க. சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக் டிப்ளமோல ஆரம்பிச்சவர்.

விஞ்ஞானி வேலைக்கு இதுவரை வந்த அறிவிப்புகள்ல பி.இ.ல 65 சதவீதம் இல்லைன்னா 10க்கு 6.84 சி.ஜி.பி.ஏ கேட்டிருக்காங்க, அதனால இப்ப இருந்தே மார்க்கை விட்டுடாதீங்க. கேட் எக்ஸாமை மூணாவது வருஷத்துலயே எழுதலாம், ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், எம்.டெக்குக்கும் பல பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அதே ஸ்கோர் உதவும். பேங்க் எக்ஸாமையும் எழுதுங்க, வீட்டுக்காரங்க பயம் பொய்யில்ல. கலாம் சார் சென்னை எம்.ஐ.டி.ல டீமா விமான டிசைன் ப்ராஜெக்ட் பண்ணப்ப பேராசிரியர் ஸ்ரீனிவாசன் வேலை சரியில்லைன்னு மூணு நாள் கெடு குடுத்தார், இல்லைன்னா ஸ்காலர்ஷிப் கட். ராத்திரி பகலா உக்காந்து முடிச்சார். அப்படி உழைச்சவருக்கே ஆசைப்பட்ட ஏர்ஃபோர்ஸ் பைலட் வேலை கிடைக்கல, 8 இடம், அவர் ஒன்பதாவது. டேராடூன்ல இருந்து அந்த வருத்தத்தோட திரும்பினவர் எங்க போய் நின்னார்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கோவை. அடுத்த மாசம் நேஷனல் எக்ஸ்போ இருக்கு, எங்க ப்ராஜெக்ட்டுக்கு பேட்டன்ட் எடுக்கலாம்னு கைடு சொல்றார். எக்ஸ்போவுல பரிசு வாங்கிட்டு அப்புறம் எடுத்தா போதும்தானே?

போதாது, வரிசையை மாத்துங்க. வெளியில காட்டிட்டா அது புதுசு இல்லன்னு ஆயிடும், சில எக்ஸ்போவுக்கு மட்டும் சட்டத்துல விதிவிலக்கு இருக்கு, அதை நம்பி இறங்காதீங்க. முதல்ல ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், ஃபைல் பண்ணுங்க, மாணவர்கள் பேர்லயோ காலேஜ் பேர்லயோ ஆன்லைன்ல போட்டா அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அன்னையில இருந்து 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன் குடுக்கணும், விட்டா முதல்ல ஃபைல் பண்ணின அந்தத் தேதியோட பலன் போயிடும். இன்வென்டர் இடத்துல நெஜமா யோசிச்சு உருவாக்கினவங்க எல்லார் பேரும் வரணும், கைடு யோசனை குடுத்திருந்தா அவர் பேரும் வரட்டும், ஆனா ஓனர் காலேஜா நீங்களாங்கறதை கையெழுத்துக்கு முன்னாடி எழுத்துல வாங்கிடுங்க. எக்ஸ்போ போஸ்டரை அதுக்கப்புறம் பிரின்ட் குடுங்க.