பின்னால் ஏற்றிய பாரம், முன்னால் ஆடும் ஹேண்டில்பார்

கேள்வி: நீண்ட பயணங்களுக்கென்றே ஒரு டூரிங் சைக்கிள் வாங்கினேன். பின் கேரியரின் இரு பக்கமும் பைகள், கேரியரின் மேலே கூடாரமும் படுக்கையும். எல்லாம் சேர்த்து 18 கிலோ. வெறுமனே ஓட்டினால் வண்டி அம்சமாக ஓடுகிறது. பாரம் ஏற்றியதும் இரண்டு தொல்லை. மேட்டில் முன்சக்கரம் நேராகப் போகாமல் அலைகிறது. இறக்கத்தில் வேகம் கூடினால் ஹேண்டில்பார் உதறுகிறது. ஒருமுறை விழப் பார்த்தேன். வாங்கிய இடத்தில் கேட்டால், "பாரம் ஏற்றினால் அப்படித்தான்" என்கிறார்கள். சைக்கிளை மாற்றுவதா, சாமானைக் குறைப்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். டூரிங் சைக்கிளுக்கு 18 கிலோ ஒரு பெரிய எடையே இல்லை. அந்த 18 கிலோ உட்கார்ந்திருக்கும் இடம்தான் கோளாறு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ, இரு அச்சுகளுக்கும் நடுவே 105 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். பாரம் இல்லாமல் நீங்கள் ஏறி உட்கார்ந்தால், மொத்தம் 85 கிலோவில் பின்சக்கரம் சுமார் 48 கிலோவையும் முன்சக்கரம் 37 கிலோவையும் தாங்கும். சைக்கிள் வடிவமைத்தவர் மனதில் வைத்திருந்தது ஏறத்தாழ இந்தப் பங்கீட்டைத்தான்.

இனி பைகளை மாட்டுங்கள். பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்கக் கூடாது என்பதற்காகப் பைகளைப் பின்னுக்குத் தள்ளியிருப்பீர்கள். கூடாரமும் கேரியரின் வால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, பாரத்தின் நடு மையம் பின் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. அச்சைத் தாண்டிப் பின்னால் தொங்கும் எடை, நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கும். பின்சக்கரத்தில் ஏறுவது 18 கிலோ அல்ல, கிட்டத்தட்ட 20 கிலோ. அந்த உபரி 2 கிலோ முன்சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. மொத்த எடை 103 கிலோவாகக் கூடியும் முன்சக்கரத்தில் எஞ்சுவது 35 கிலோதான். பாரம் ஏற்றிய பிறகு முன்சக்கரம் முன்பைவிட லேசாகிவிட்டது!

10 சதவீதச் சரிவில் ஏறினால் இன்னுமொரு 10 கிலோ பின்னுக்கு நகரும். அப்போது மொத்த எடையில் கால்வாசிதான் முன்னால். கேரியரில் ஆளை ஏற்றி டபுள்ஸ் போனவர்களுக்கு இந்த உணர்வு பழக்கமானது: ஹேண்டில்பார் கையில் இருக்கும், ஆனால் பிடிப்பே இருக்காது. மேட்டில் வேகமும் குறைவு. வேகம் குறையக் குறைய, விழாமல் இருக்க ஹேண்டில்பாரை அதிகமாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். லேசான முன்சக்கரத்தில் ஒவ்வொரு திருத்தமும் அளவுக்கு மீறிப் போகிறது. நீங்கள் சொல்லும் அலைச்சல் அதுதான்.

என் எண்களை நம்ப வேண்டியதில்லை. எடை பார்க்கும் தராசு ஒன்றை ஒரு சக்கரத்தின் அடியிலும், அதே உயரத்துக்குப் பலகையை மற்ற சக்கரத்தின் அடியிலும் வையுங்கள். இன்னொருவர் பிடித்துக்கொள்ள, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு தராசை மற்ற சக்கரத்துக்கு மாற்றுங்கள். பத்து நிமிட வேலை. தராசின் எல்லைக்குள் எடை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து எளிது: 7 கிலோவை முன்னால் கொண்டுபோங்கள். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை) இருபுறமும், பைகளின் நடுப்பகுதி முன் அச்சின் உயரத்தை ஒட்டி வரும்படி தாழ்வாக மாட்டும் முன் கேரியர்கள் இருக்கின்றன. பின்னால் மிச்சமிருக்கும் 11 கிலோவை அச்சுக்கு நேர் மேலே இழுத்துவிட்டால் கணக்கு முன்னால் 44, பின்னால் 59 என்று வரும். பாரமில்லாமல் ஓட்டியபோது இருந்த அதே விகிதம்.

"முன்னால் கனம் வைத்தால் திருப்ப முடியாதே" என்று தோன்றும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனாலேயே என் முதல் நெடும்பயணம் முழுக்க அடுப்பையும் பாத்திரத்தையும் பின் கேரியரின் உச்சியில் கட்டிக்கொண்டு தள்ளாடினேன். உண்மையில் நடப்பது வேறு. ஹேண்டில்பார் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அதைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். டூரிங் சைக்கிளில் இந்த இடைவெளி 5, 6 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தள்ளுவண்டியின் சுழலும் சக்கரம் தானாகப் பின்னால் வந்து நேராவதுபோல, இந்த இடைவெளிதான் முன்சக்கரத்தை நேராக்குகிறது. சக்கரத்தின் மேல் எடை கூடினால் அந்த நேராக்கும் விசையும் கூடும். அதோடு, ஃபோர்க்கின் இருபுறமும் தொங்கும் பைகள் ஹேண்டில்பார் திரும்புவதைச் சற்று மந்தமாக்கும். சாலையின் சிறு குழிகள் கையைத் தட்டிவிடாது. முதல் அரைமணி நேரம் எருமையை ஓட்டுவதுபோல இருக்கும். அதன் பிறகு மறந்துபோவீர்கள்.

தாழ்வாக என்று சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே 7 கிலோவை ஹேண்டில்பார் பைக்குள் போட்டால் பலன் தலைகீழ். திருப்பும் கோட்டுக்கு முன்னால், உயரத்தில் நிற்கும் எடை, ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்க்கப் பார்க்கும். அந்தப் பைக்கு 2, 3 கிலோ போதும்: கேமரா, வரைபடம், தின்பண்டம். (1884இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பிப் பெரிய சக்கர சைக்கிளில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் ஹேண்டில்பாரில்தான் மூட்டை கட்டினார். ஆனால் அவர் மூட்டையில் இருந்தது காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. நம் மூட்டை அப்படி இல்லையே.)

கருவிகள், அடுப்பு, அரிசி பருப்பு மாதிரி அடர்த்தியான சாமான்கள் முன்பைகளின் அடியில் போகட்டும். துணிமணி, படுக்கை பின்னால். கூடாரத்தைக் கேரியரின் மேல் கட்டுவதென்றால் சீட்டை ஒட்டிக் கட்டுங்கள். இடமும் வலமும் சம எடை வேண்டும்; இரு கையில் இரண்டு பைகளைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன் கேரியர் வாங்குமுன் உங்கள் ஃபோர்க்கில் அதற்கான திருகு துளைகள் உண்டா என்று பாருங்கள். கார்பன் ஃபோர்க்கில் துளை இல்லையென்றால் கிளாம்ப் போட்டு இறுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இனி இறக்கத்து உதறல். பயமுறுத்துவது இதுதான், பலரும் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். சக்கரம் கோணலாக இருப்பதால் மட்டும் வருவதில்லை இது. சைக்கிளின் ஃபிரேம் முறுக்கினால் சற்று முறுகும், விட்டால் திரும்பும், டயரும் அப்படியே. ஆக மொத்தம் அது ஒரு ஸ்பிரிங். ஒரு முனையில் திரும்பத் தயாராக இருக்கும் முன்சக்கரம், மறுமுனையில் கேரியரோடு ஆடும் மூட்டை. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் வீச்சு கூடுவதுபோல, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சக்கரத்தின் அசைவும் ஃபிரேமின் முறுக்கமும் ஒன்றையொன்று வளர்க்கத் தொடங்கும். நொடிக்கு ஐந்தாறு முறை ஹேண்டில்பார் இடவலமாக அடிக்கும். மூட்டை உயரமாகவும் பின்னுக்குத் தள்ளியும் இருந்தால், ஃபிரேமை முறுக்க அதற்கு நீளமான கை கிடைத்த மாதிரி. மேட்டில் அலைந்ததற்கும் இறக்கத்தில் உதறுவதற்கும் காரணம் ஒரே மூட்டைதான்.

உதறல் வந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கை விறைத்தால் அதுவும் அந்த ஸ்பிரிங்கில் சேர்ந்துகொள்ளும். பிடியைத் தளர்த்தி, இரண்டு முழங்காலாலும் ஃபிரேமின் மேல் பாரை நெருக்குங்கள். ஒரு முழங்காலைச் சாய்த்தாலும் போதும். சீட்டிலிருந்து உடம்பை இம்மியளவு தூக்கி, எடையைப் பெடலுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். பிறகு இரு பிரேக்கையும் சீராகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

பாரத்தை மாற்றுவதோடு சில ஆட்டங்களையும் தேடுங்கள். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் 'டக் டக்' என்று தட்டினால் அங்குள்ள பேரிங் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அச்சில் ஆட்டம் தெரியும். கோட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள், பின்சக்கர ஸ்போக் கம்பிகளின் இறுக்கத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். பாரம் ஏற்றிய சைக்கிளில் முதலில் அறுவது பின்சக்கரத்தின் செயின் பக்கக் கம்பிதான். கேரியரைக் கையால் பிடித்து இடவலமாகத் தள்ளிப் பாருங்கள். அது வளைந்தால் தாங்குகம்பி மெலிது என்று பொருள். பையின் கொக்கிகள் கேரியர் கம்பியில் நகரவே கூடாது. பின் டயரின் காற்றை, டயரின் பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள், பாரத்துக்கேற்பக் கூட்டுங்கள். காற்று குறைந்த பின் டயரின் நெளிவும் உதறலைப் போலவே தோன்றும்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இறக்கம் என்று வந்ததால் சொல்லிவிடுகிறேன். 103 கிலோவோடு 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க ரிம்மிலோ டிஸ்க்கிலோ சூடாக இறங்கும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே ஊர்ந்து இறங்குவதைவிட, வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, நேர்ச்சாலையில் விட்டு, காற்றுத் தடைக்கும் வேலை கொடுப்பது நல்லது. முன்னால் தாழ்வாக எடை இருப்பதால் முன் பிரேக்கைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பாரமே இல்லாமல் ஓட்டுவதைவிடக் குடை சாயும் வாய்ப்பு குறைவு.

மாற்றங்களை ஒரே நாளில் மொத்தமாகச் செய்யாதீர்கள். பழக்கமான ஒரு சரிவில், பைகளை முன்னும் பின்னும் பிரித்து முதலில் மெதுவாக இறங்கிப் பாருங்கள், அடுத்து சற்று வேகமாக. பேரிங்கும் கேரியரும் டயரும் சரியாக இருந்து, பாரமும் பிரிந்த பிறகும் உதறினால், ஃபிரேம் இந்தச் சுமைக்குக் குழைவானது என்று அர்த்தம். சைக்கிளை மாற்றும் பேச்சை அப்போது எடுக்கலாம்.