புதிய பொருள் செய்யும் முன் வாடிக்கையாளரிடம் எதைக் கேட்பது?

"இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கிப் பலர் 'ஆமாம்' என்பார்கள். அந்த ஆமாம் விற்பனையாகாது. உங்கள் பொருள் தீர்க்க நினைக்கும் சிக்கல் அவருக்குக் கடைசியாக எப்போது வந்தது, எப்படிச் சமாளித்தார், எவ்வளவு செலவழித்தார் என்று நடந்ததைக் கேளுங்கள். முடிந்தால் அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அவரே செய்துகொண்ட ஒட்டுவேலைகளில்தான் புதுமைக்கான இடம் தெரியும்.

ஒரே வகைப் பயனர்களில் 10, 12 பேரிடம் பேசினால் பெரும்பாலும் பதில்கள் திரும்ப வரத் தொடங்கும். கருத்துக்கணிப்பு அதற்குப் பிறகுதான்.

கேள்வி தவறானால் எண்ணிக்கை உதவாது. 1985-இல் கோக்கோ-கோலா சுமார் 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்திப் புதிய கோக்கை இறக்கியது. சோதித்தது சுவையை, பழையது மறைவதை மக்கள் எப்படி ஏற்பார்கள் என்பதற்கு உரிய எடை தரவில்லை. 79 நாளில் பழையதையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.