கிளச்சில் திரும்பத் திரும்ப எயார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பழைய டீசல் வான் ஒன்றில் விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். ஒரு மாதமாகக் காலையில் முதல் கியர் விழுகுதில்லை, றிவேர்ஸ் போட்டால் கறகறவென்று சத்தம். பெடலை மூன்று நாலு தரம் மிதித்தால் விழுந்துவிடும். கராஜில் இரண்டு தரம் கிளச் ஒயிலுக்குள் புகுந்த எயாரை (காற்றை) எடுத்தாயிற்று, ஒரு கிழமைதான் தாங்கியது. வீட்டில் நானே எடுக்கலாமா?
- வாசகர், விசுவமடு

பதில்: தாராளமாக எடுக்கலாம் தம்பி. ஆனால் இரண்டு தரம் எடுத்த எயார் திரும்ப வந்திருக்கிறதே, முதலில் அதைப் பாருங்கள். பெடலின் அழுத்தத்தைக் கிளச்சுக்குக் கொண்டுபோகிற ஒயில் வெளியேற எங்கோ ஒரு வழி இருந்தால்தான் காற்றும் உள்ளே வரும். டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, பெடலின் கம்பி, ஒயிலைத் தள்ளுகிற மேல் சிலிண்டருக்குள் போகிற இடத்தை விரலால் தடவுங்கள். ஈரமென்றால் மேல் சிலிண்டரின் றப்பர் போய்விட்டது. பிறகு கியர் பொக்ஸின் பக்கத்தில் இருந்து, அந்த ஒயிலால் கிளச்சைத் தள்ளுகிற கீழ்ச் சிலிண்டரின் தூசி றப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள், உள்ளே ஒயில் தேங்கி நின்றால் குற்றவாளி அதுதான். பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது அது மெதுவாகக் கீழே இறங்கி, வெளியே ஈரமே இல்லையென்றால், மேல் சிலிண்டர் உள்ளுக்குள்ளே ஒயிலைக் கசியவிடுகிறது. றப்பர் மாற்றும்போது சிலிண்டரின் உட்சுவரில் துரு தின்ற குழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது றப்பரும் நிலைக்காது, சிலிண்டரையே மாற்றிவிடுங்கள்.

இனி எயார் எடுப்பது. வானைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜக் அடிக்கத் தேவையென்றால் நம்முடைய மணல் தரையில் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை கட்டாயம் வேண்டும், ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்க வேண்டாம், ஸ்டாண்ட் கொடுத்த பிறகே உள்ளே போங்கள். ஒயில் தாங்கியின் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துணியால் துடையுங்கள், கிரவல் தூசி ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் றப்பரை அறுத்துவிடும். கீழ்ச் சிலிண்டரின் நிப்பிளில் (எயார் வெளியேற்றுகிற சின்னத் திருகு) ஒளி தெரிகிற டியூப் ஒன்றைச் செருகி (மீன்தொட்டி டியூப் போதும்), மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஒயில் விட்ட போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள், ரிங் ஸ்பனரால்தான் திருப்ப வேண்டும், வாய் திறந்த ஸ்பனர் போட்டால் தலை மழுங்கிவிடும்.

வீட்டில் ஒருவரைப் பெடலில் இருத்துங்கள். நீங்கள் "மிதி" என்றதும் மெதுவாகக் கடைசிவரை மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள், குமிழி வரும், மூடுங்கள், அதன் பிறகுதான் "விடு". இந்த ஒழுங்கு மாறி, நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் டியூப்பிலுள்ளதெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். பெடல் தரையோடு கிடந்தால் பயப்படத் தேவையில்லை, கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். நாலைந்து தரத்துக்கு ஒருமுறை தாங்கியைப் பார்த்து ஒயில் விட்டுக்கொண்டே இருங்கள், வற்றவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சில வாகனங்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே தாங்கி, அங்கே இன்னும் கவனம் வேண்டும். குமிழி நின்று தெளிந்த ஒயில் வந்தால் முடிந்தது. பெயின்ற்றில் ஒயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ற்றை உரித்துவிடும்.

எயார் எடுத்தும் கசிவு இல்லாமலும் இருந்து, பெடல் இறுக்கமாகவே நின்று, கியர் மட்டும் விழாவிட்டால் பிழை கிளச் தட்டுப் பக்கம். அதை வீட்டில் தொட வேண்டாம்.

கேள்வி: அவசரத்துக்குக் கிளச் தாங்கிக்குள் என்ஜின் ஒயில் கொஞ்சம் விடலாமா? எல்லாம் ஒயில்தானே?
- வாசகர், மாங்குளம்

பதில்: கூடவே கூடாது. பிரேக் ஒயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது வேறு திரவம், பெயர்தான் பலரை ஏமாற்றுகிறது. என்ஜின் ஒயில் பட்டால் உள்ளே இருக்கிற றப்பரெல்லாம் ஊதிப் பெருத்துவிடும், அப்புறம் இரண்டு சிலிண்டரும் ஹோஸும் மாற்ற வேண்டிவரும். மூடியில் எழுதியிருக்கிற டொட் 3 அல்லது டொட் 4 ஐப் பார்த்து வாங்குங்கள். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். அதனால் மாரிக்கு முன் திறந்து அரைவாசியில் வைத்த போத்தலைத் தைப்பொங்கலுக்குப் பிறகு எடுத்து ஊற்றாதீர்கள், புதிய சின்னப் போத்தல் ஒன்று வாங்குங்கள்.