கேளுங்கள், சொல்கிறேன்: எந்த ஏரிக்குப் போகலாம்?

கேள்வி: பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கோலாலம்பூர் வருகிறோம். மாமனாருக்கு முட்டி வலி. பிள்ளைகள் இரண்டும் ஓரிடத்தில் நிற்காதவை. தித்திவங்சா, தாசேக் பெர்டானா, புத்ராஜெயா மூன்று ஏரியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். முடியுமா?
– ஒரு வாசகி, சுங்கைப்பட்டாணி

பதில்: தாராளமாகப் பார்க்கலாம் அம்மா, காரை விட்டு இறங்காமல்! உங்கள் வீட்டுக்காரர் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பார். எங்கள் ஊர் ஜாம் அதில் தெரியாது. இரண்டே போதும்: காலையில் தித்திவங்சா, மதியத்துக்குள் புத்ராஜெயா.

நான் செந்தூல்காரன். தித்திவங்சா மேல் பாசம் கொஞ்சம் கூடுதல்தான், அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள். ஏழரை மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். கரையைச் சுற்றி நடைபாதை சமமாக இருக்கும். மாமனார் மெதுவாக நடக்கட்டும், வலித்தால் பெஞ்சில் உட்காரட்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கோபுரம் தெரியும், அது அவருக்குப் போதும். பிள்ளைகளுக்குக் கோபுரமெல்லாம் இரண்டு நிமிடம்தான். அவர்களுக்கு உடும்பு இருக்கிறது. கரையோரப் புல்லில் வெயில் காய்ந்துகொண்டு அசையாமல் கிடக்கும். நாம் கிட்டே போனதும் நாக்கை இரண்டு தடவை நீட்டிப் பார்க்கும். அப்புறம் சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கி, தலையை மட்டும் மேலே தூக்கியபடி வாலை வளைத்து வளைத்து நீந்திப் போகும். அதற்கு ரொட்டித் துண்டு போடக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

2007-இல் அங்கே நின்ற ராட்சத ராட்டினத்தை உங்கள் கணவர் தேடினாலும் தேடுவார். அது அடுத்த வருடமே மலாக்காவுக்குப் போய்விட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தித்திவங்சா ஒரு காலத்தில் ஈயம், அதாவது வெள்ளீயம், தோண்டிய நிலம். கோலாலம்பூரைச் சுற்றி இப்படிப்பட்ட தண்ணீர் நிறைய. சுங்கை பெசிப் பக்கம் மைன்ஸ் பேரங்காடியை ஒட்டி இருக்கும் பெரிய ஏரிகூட, உலகிலேயே பெரியது என்று பேர் வாங்கிய ஹொங் ஃபாட் திறந்தவெளி ஈயச் சுரங்கத்தின் குழிதான். ஈயத்தை எடுத்தார்கள், குழியை விட்டார்கள், மழை நிரப்பியது. இந்த மாதிரிக் குட்டைகளில் கரை சரிவாக இறங்காது. முதல் அடிக்கு முழங்கால் ஆழம், அடுத்த அடிக்குக் கால் எட்டாது என்பது சாதாரணம். பந்து விழுந்துவிட்டதா? போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பிள்ளையும் அதன் பின்னால் இறங்கக் கூடாது.

ஒன்பதரை வாக்கில் கிளம்பி, செந்தூலில் பசியாறிவிட்டுப் புத்ராஜெயாவுக்கு விடுங்கள். கார் வேண்டாம் என்றால், 2023-இலிருந்து தித்திவங்சா நிலையத்தில் ஏறி ஒரே எம்ஆர்டி ரயிலில் புத்ராஜெயா சென்ட்ரல் போய்விடலாம். ஆனால் நிலையத்திலிருந்து ஏரிக்கரை தூரம். முட்டி வலிக்காரரை நடத்த வேண்டாம், கிராப் வாடகைக் கார் பிடியுங்கள். அந்த ஏரி ஈயக்குழி அல்ல. சுவாவ் ஆற்றை அணை கட்டித் தேக்கியது, சுமார் 400 ஹெக்டேர். மேலே சதுப்பு நிலம் ஒன்றை அமைத்து, நாணலும் கோரையும் நட்டு, தண்ணீரை அதில் வடிகட்டித்தான் ஏரிக்குள் விடுகிறார்கள். கரையில் நிழல் குறைவு, அதனால் நடக்காதீர்கள். புத்ரா பாலத்தருகே படகு ஏறுங்கள், கூரை போட்ட பெரிய படகாகப் பார்த்து. உட்கார்ந்தபடியே இளஞ்சிவப்புக் குவிமாட மசூதியையும் பாலங்களையும் மாமனார் பார்த்துவிடுவார். மாலையில் விளக்கெல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மணிக்கு மேல் இங்கே இடிமழையை நம்ப முடியாது, மின்னல் வெட்டினால் படகும் கிடையாது.

கேள்வி: தாசேக் பெர்டானா மட்டுமாவது இயற்கையான ஏரியா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அதுவும் கை வேலைதான். 1888-இல் ஆல்ஃபிரட் வென்னிங் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொடங்கியது. பிராஸ் பிராஸ் ஓடையைத் தடுத்து உண்டாக்கினார்கள். அங்கே போனால் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை சலசலத்தாலே போதும், சாப்பாடு என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஈயக்குட்டையில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா?
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: சில பழைய குட்டை மண்ணில் ஆர்செனிக் மாதிரி நச்சுப் பொருள்கள் தங்கியிருக்கும். மீனைத் திருப்பித் தண்ணீரில் விடுங்கள். கையில் காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் நனைக்காதீர்கள், எலிக் காய்ச்சல் வரலாம். கிள்ளானில் இருந்துகொண்டு மீனுக்கு என்ன பஞ்சம் ஐயா?