1914 என்று பொறித்த ஜெர்மன் இரும்புச் சிலுவை அசல்தானா? அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது இரண்டாம் வகுப்புச் சிலுவை, அதாவது இந்தப் போர்ப் பதக்கத்தின் கீழ்நிலை. மேலே கிரீடம், நடுவில் டபிள்யூ என்ற எழுத்து, கீழே 1914. கூடவே பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஒரு சின்னப் புத்தகம். அந்தப் புத்தகம்தான் இதில் பெரிய சொத்து. எக்காரணம் கொண்டும் இரண்டையும் பிரித்துவிடாதீர்கள்.

இரண்டாம் வகுப்புச் சிலுவையில் பெயர் பொறிக்கும் வழக்கம் கிடையாது. முதல் உலகப் போரில் 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்ட பதக்கம் இது. தனியாகக் கிடைக்கும் ஒரு சிலுவை யாருடையது என்று உலகில் எவராலும் சொல்ல முடியாது. அதனால் 'அபூர்வம்' என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முதலில் அசலா என்று பார்ப்போம். இந்தப் பதக்கம் மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்புப் பூச்சு பூசிய இரும்புத் தகடு. அதை முன்னும் பின்னுமாக இரண்டு வெள்ளிச் சட்டங்கள் கவ்விப் பிடித்திருக்கும். சட்டங்களின் ஓரத்தைப் பற்றவைத்து மூடியிருப்பார்கள். எனவே சிலுவையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் வைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்து, விளிம்பை மெல்லத் திருப்பினால் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடுவது தெரியும். அதுதான் இரண்டு சட்டங்களும் சேரும் இடம். உள்மூலைகளில் அரத்தால் தேய்த்து மழுப்பியிருந்தால் கோடு அங்கங்கே மறையும், அது பரவாயில்லை. எங்குமே கோடு இல்லாமல், தகடும் சட்டமும் ஒரே உலோகமாக வார்த்தது போல் இருந்தால் பெரும்பாலும் போலி.

அடுத்து காந்தம். இரும்புத் தகடு என்றால் ஒட்ட வேண்டும். ஆனால் ஒட்டினாலே அசல் என்று முடிவு கட்டக் கூடாது, நல்ல போலிகளிலும் இரும்பு உண்டு. ஒட்டாவிட்டாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம். பித்தளை, துத்தநாகத் தகடு வைத்த அசல்களும் கொஞ்சம் இருக்கின்றன. காந்தம் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், அவ்வளவுதான்.

வெர்னியர் அளவுகோலால் அகலத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அசலை அச்செடுத்து உருக்கி வார்க்கும் போலி, உலோகம் ஆறும்போது சுருங்குவதால் ஒரு பொடி சிறிதாகிவிடும். அதே காரணத்தால் சட்டத்தின் உள்ளோரத்தில் ஓடும் மணிவரிசையும் கெடும். அசலில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். வார்ப்பில் மணிகள் சோறு குழைந்தது போல் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும்.

மேலே ரிப்பன் கோர்க்கும் வளையத்தில் செய்தவரின் முத்திரையைத் தேடுங்கள். கே.ஓ. என்றால் பெர்லின் அரசு நாணயச்சாலை, எஸ்-டபிள்யூ என்றால் ஸி அண்ட் வாக்னர் என்ற நிறுவனம். 800 என்ற எண் வெள்ளியின் தரம். முத்திரை இல்லாத அசல்களும் உண்டு. வளையத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது இரண்டு நிமிட வேலை என்பதால், முத்திரையை மட்டும் நம்பி வாங்கியவர்கள் நிறைய ஏமாந்திருக்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. 1914 சிலுவையில் எல் என்ற எழுத்தும் சாய்கோடும் எண்ணும் இருந்தால், பழைய வீரர் ஒருவர் தொலைந்துபோனதற்குப் பதிலாக 1940-களில் கடையில் வாங்கியதாக இருக்கலாம். அது போலி அல்ல. ஆனால் போர்க்களத்தில் கொடுத்ததும் அல்ல.

பின்னால் ரிப்பன் சேர்த்து வாங்கினால் புற ஊதா விளக்கில் காட்டிப் பாருங்கள். செயற்கை வெளுப்பூட்டிகள் துணிக்கு வந்தது பிற்காலத்தில். எனவே வெள்ளைக் கோடுகள் நீலமாகப் பளிச்சிட்டால் புதுத் துணி. ஒரே விதிவிலக்கு, பழைய ரிப்பனை யாராவது இன்றைய சோப்புத்தூளில் அலசியிருந்தால் அதுவும் அப்படித்தான் ஒளிரும். போர்முனை வீரருக்குக் கறுப்பு ரிப்பனில் வெள்ளைக் கோடுகள், போரிடாத பணியாளருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடுகள்.

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன், அதைத் துலக்காதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்குத் திருநீறு போடுவது, புளி தேய்ப்பது, கடையில் விற்கும் வெள்ளி மெருகுத் திரவத்தில் முக்குவது எதுவும் இதற்கு ஆகாது. திரவம் அந்த மெல்லிய கோட்டின் வழியே உள்ளே இறங்கிவிடும், துடைத்து எடுக்க வழியில்லை. உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்து உப்பும், கறுப்புப் பூச்சு செதிலாக எழும், கடைசியில் பற்றவைத்த இடமே பிளந்துகொள்ளும். எண்ணெய் தடவுவதும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். கடலோர ஊர்க் காற்றில் இரும்பு சீக்கிரம் கெடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. உறை கூடாது. அது நாள்பட அமிலம் கக்கும். பாலிப்ரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள்.

இனி புத்தகம். முதல் உலகப் போர்க் காலத்தது என்றால் அது பெரும்பாலும் 'மிலிட்டேர்பாஸ்', அதாவது படைவீரரின் பணிப் பதிவு. பெயர், பிறந்த தேதி, ஊர், சேர்ந்த படைப்பிரிவு, போரிட்ட இடங்கள், பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். பதக்கப் பகுதியில் 'ஐசர்னஸ் க்ரோய்ட்ஸ்' (இரும்புச் சிலுவை) என்ற சொற்களைத் தேடுங்கள். அந்தப் பதிவு இருந்தால்தான் உங்கள் சிலுவைக்கும் அந்த மனிதருக்கும் உறவு என்று சொல்ல முடியும். அப்போதும் விற்பவர் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்கிச் சேர்த்திருக்கக் கூடும் என்பதை மறக்காதீர்கள். கையெழுத்து 'குர்ரென்ட்' என்ற பழைய பாணி. அதில் e எழுத்து இன்றைய n போலவே இருக்கும், u எழுத்தின் தலையில் ஒரு கொக்கி இருக்கும். எழுத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் ஊர்ப்பெயர்களையும் மாதங்களையும் படித்துப் பழகினால் கண் பிடிபடும்.

பெயர் கிடைத்ததும் போர்க்கால இழப்புப் பட்டியல்களில் தேடுங்கள். சுமார் 31,000 பக்கங்கள். ஜெர்மன் வம்சாவளி ஆய்வுச் சங்கமான காம்ப்ஜென் முழுவதையும் இணையத்தில் இலவசமாகத் தேடும்படி ஏற்றியிருக்கிறது. மாண்டவர் மட்டுமல்ல, காயம்பட்டவர், காணாமல் போனவர், சிறைப்பட்டவர் எல்லோரும் அதில் உண்டு. 1916 இறுதிக்குப் பிறகு வந்த பட்டியல்களில் படைப்பிரிவு இருக்காது. எதிரிக்குத் தகவல் போகக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள். பதிலாகப் பிறந்த நாளும் மாதமும், ஆண்டு இல்லாமல், ஊர்ப்பெயரோடு இருக்கும். அதனால்தான் புத்தகத்தில் உள்ள பிறந்த தேதி இவ்வளவு முக்கியம். ஒரே பெயரில் இருபது பேர் வந்தால் அதை வைத்துத்தான் சலிக்க வேண்டும்.

அன்றைய ஜெர்மனிக்குள் பிரஷ்யா, பவேரியா போன்ற அரசுகளுக்குத் தனித்தனிப் படைகள் இருந்தன. எனவே ஆவணக்காப்பகத்துக்கு எழுதுவதற்கு முன் அவர் எந்த அரசின் படையில் இருந்தார் என்று பாருங்கள். பிரஷ்யப் படை என்றால் மனம் தளர வேண்டியிருக்கும். 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகளில் படை ஆவணக்காப்பகம் எரிந்தது, தனிநபர் கோப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. பவேரியா என்றால் யோகம். மியூனிக் போர்க் காப்பகத்தின் வீரர் பதிவேடுகள் தப்பின, ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தேடல் தளத்திலும் தேடலாம். வூர்ட்டம்பெர்க் படை ஆவணங்கள் ஸ்டுட்கார்ட்டில் உள்ளன. கடற்படை ஆவணங்களும் பெருமளவு தப்பி இன்று ஃப்ரைபுர்க்கில் இருக்கின்றன. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு வீசிய எம்டன் கப்பலைப் பற்றித் தேடுபவர்களும் அங்கேதான் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வீரர் என்றால் வழி வேறு. படைவீரர்களைப் பற்றித் தகவல் தர பெர்லினில் இருந்த பழைய அலுவலகம் 2019-இல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தோடு இணைந்தது, அங்கே எழுத வேண்டும். அந்தக் காலச் சிலுவையில் நடுவில் நாஜிச் சின்னம் இருக்கும். ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம், ஆய்வு, கல்வி, கலை, செய்தி வெளியீடு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. அந்தச் சின்னத்தின் பெயரால் கொல்லப்பட்டவர்களை நினைத்தால் விலக்கு அவ்வளவோடு நிற்பதே சரி.

கடிதத்தில் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், படைப்பிரிவு நான்கையும் எழுதி, புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். ஊர் இன்று போலந்தில் இருந்து பெயரே மாறியிருக்கலாம். 1912 வாக்கில் வெளிவந்த மையர்ஸ் ஊர்ப்பெயர் அகராதி இணையத்தில் இலவசம். அதில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்த்து அதையும் சேர்த்து எழுதுங்கள்.