உங்கள் கருவிழியின் தடிமன் எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 25. இரண்டு கண்களிலும் மைனஸ் 7 பவர். கண்ணின் பவரை லேசரால் நீக்கும் லேசிக் சிகிச்சை பத்து நிமிட வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள் சிலர். செய்துகொண்ட தோழியோ, கண் ஓயாமல் உறுத்துகிறது என்கிறாள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இரு தரப்பும் உண்மையே சொல்லலாம், ஆனால் இரண்டுமே உங்கள் கண்ணைப் பற்றிய செய்தி அல்ல. உங்களுக்குள்ள ஆபத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை உங்கள் கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தை மூடியுள்ள ஒளிபுகும் திசுவின் (கார்னியா), தடிமனும் வடிவமும்தான். சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தத் திசுவில், லேசிக் முறையில் முதலில் சுமார் 110 மைக்ரான் தடிமனுள்ள ஒரு மடலைத் திறந்து, அதன் அடியிலுள்ள பகுதியை லேசரால் செதுக்கிய பின் மடலை மூடிவிடுகிறார்கள். ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் என்று கொண்டால், உங்கள் மைனஸ் 7-க்கு 98 மைக்ரான் கரைந்துவிடும். கருவிழி 540 மைக்ரான் இருந்தால் அடியில் எஞ்சுவது 332. 480 மட்டுமே இருந்தால் 272. குறைந்தது 250 எஞ்ச வேண்டும் என்பது பழைய வரம்பு. 300-க்குக் கீழே இறங்கத் தயங்கும் மருத்துவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். வலுவிழந்த கருவிழி, கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் நாளடைவில் முன்னே பிதுங்கினால், கண்ணாடியாலும் முழுமையாகத் திருத்த முடியாத குறை வந்து சேரும். இது அரிதாகவே நேர்கிறது. எனினும், கூம்புக் கருவிழி நோய் வெளியே தெரியாத தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், கருவிழியின் மேடுபள்ளங்களை வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி சோதனை முடியும்வரை சிகிச்சைக்கு நாள் குறிக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவரானால், மருத்துவர் சொல்லும் நாள்களுக்கு அதைக் கழற்றி வைத்த பிறகே இந்தச் சோதனைக்குச் செல்லுங்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும்.

தோழியின் உறுத்தலுக்கும் காரணம் உண்டு. மடலை வெட்டும்போது, கண்ணீர் சுரப்பைத் தூண்டும் நரம்பு இழைகள் அறுபடுகின்றன. அவை மீண்டும் வளர மாதங்கள் ஆகும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று 2017-இல் வெளியான ஆய்வில், முன்பு கண் உலர்வே இல்லாதவர்களில் 28 விழுக்காடு வரையிலானோர் மூன்றாம் மாதத்தில் அந்தத் தொல்லையைக் கூறினர். பெரும்பாலோருக்கு இது சொட்டு மருந்தோடு தணிந்துவிடுகிறது, சிலருக்கு நீடிக்கிறது. இரவில் விளக்குகளைச் சுற்றித் தோன்றும் ஒளிவளையமும் அப்படித்தான். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சிறு குறையல்ல.

ஆகவே, வெற்றி எத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட, சிகிச்சைக்குப் பின் எனக்கு எத்தனை மைக்ரான் மிஞ்சும் என்று கேளுங்கள். தடிமன் போதாதவர்களுக்கு, மடல் வெட்டாத பி.ஆர்.கே. முறையோ கண்ணுக்குள் லென்ஸ் பொருத்துவதோ ஏற்றதாக இருக்கலாம்; அவற்றுக்கும் தனி ஆபத்துகள் உண்டு. கடந்த ஓராண்டில் பவர் மாறியிருந்தால் காத்திருங்கள். பவர் நீங்கினாலும் கிட்டப்பார்வைக் கண்ணின் விழித்திரைக்கு உள்ள ஆபத்து நீங்குவதில்லை என்பதால், விழித்திரைப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: வயது 44, மைனஸ் 3 பவர். லேசிக் செய்துகொண்டால் கண்ணாடியே தேவைப்படாதா?

பதில்: தொலைவுக்குத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறீர்களே, அந்த வசதியை இழந்து வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க நேரும். ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைப்பதுண்டு. உங்களுக்கு அது ஒத்துவருகிறதா என்பதை முதலில் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து சில வாரங்கள் பாருங்கள்.