கண்காட்சியில் வாங்கிய வெளிர்நீலக் கல்லை அடையாளம் காண்பது எப்படி?

கோவைக் கண்காட்சியில் பெயர்ச்சீட்டு இல்லாமல் வாங்கிய, அறுகோணத் தூண் வடிவிலான வெளிர்நீலக் கல் எதுவென்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை நம்பாதீர்கள், தூணின் பக்கங்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வரிகள் குறுக்கே ஓடினால் படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸாகவும், நெடுக்காக ஓடி உச்சி தட்டையாக இருந்தால் பெரில் என்னும் கனிமத்தின் நீலவகையான அக்குவாமரைனாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, நகைத்தராசில் கல்லை எடை போட்டபின், தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து அளவைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடி தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 3.5 வந்தால் புஷ்பராகத்தை (டோபாஸ்) ஐயுறலாம். ஆனால் குவார்ட்ஸ் 2.65, பெரில் ஏறத்தாழ 2.7 என்பதால் அவ்விரண்டையும் இச்சோதனை பிரிக்காது, கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானியே தீர்க்கும். கீறிப் பார்த்து நல்ல முகத்தைக் கெடுத்துவிட வேண்டாம்.

காங்கேயத்தை அடுத்த படியூர் பெரிலுக்குப் பெயர்பெற்றது, கொடுமணல் அகழாய்விலும் பெரில் கிடைத்துள்ளது என்றாலும், அதனால் மட்டும் உங்கள் கல்லைப் படியூர்க் கல் என்று சொல்ல முடியாது; விற்றவரிடம் கிடைத்த இடத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.